முன் பிரேக்

"முன் பிரேக்கத் தொடாதடா, தூக்கிப் போட்ரும்."

வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தபோது சித்தப்பா சொன்ன முதல் பாடம் இது. இரண்டாவது பாடம் என்று ஒன்று இல்லை. ஊர் மைதானத்தை நாலு சுற்று சுற்றினோம். ஐந்தாவது சுற்றில் அவர் பின் சீட்டிலிருந்து இறங்கிக்கொண்டார். அத்தோடு என் படிப்பு முடிந்தது.

சில வருடங்கள் கழித்து பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், எதிரே வந்த ஆட்டோ திடீரென்று குறுக்கே திரும்ப, சித்தப்பா போய் மோதினார். இடது கால் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. மறுநாள் அந்த இடத்துக்குப் போனேன். ரோட்டில் டயர் தேய்ந்து, நூல் பிடித்தமாதிரி நீளமாக ஒரு கறுப்புக் கோடு. "எவ்ளோ பிரேக் புடிச்சிருக்காரு பாரு" என்றார் டீக்கடைக்காரர். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தக் கோடு உண்மையில் என்ன சொல்லிற்று என்பது, லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

1970களில் அமெரிக்காவில் மோட்டார்சைக்கிள் பெருகியது, சாவும் பெருகியது. ஏன் என்று கண்டுபிடிக்கும் வேலை தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் என்பவரிடம் வந்தது. அவரும் மோட்டார்சைக்கிள் ஓட்டுபவர்தான். விபத்து என்று தகவல் வந்ததும் அவருடைய குழு இடத்துக்கே கிளம்பிப்போகும். டயர்த் தடத்தை அளப்பார்கள், உடைந்த ஹெல்மெட்டைப் பார்ப்பார்கள், ஓட்டியவரிடம் பேசுவார்கள். இப்படி 900க்கும் மேற்பட்ட விபத்துகள். அதோடு 3,600 போலீஸ் அறிக்கைகள். இன்னொரு வேலையும் செய்தார்கள். விபத்து நடந்த இடங்களுக்குப் பிறகொரு நாள் அதே நேரத்தில் போய், அந்த வழியாகப் பத்திரமாகப் போய்க்கொண்டிருந்த 2,310 வண்டிகளையும் கணக்கெடுத்தார்கள். விழுந்தவர்களை மட்டும் பார்த்தால் போதாது, விழாதவர்களோடு ஒப்பிட வேண்டும் என்பது ஹர்ட்டின் கணக்கு.

1981இல் அறிக்கை வந்தது. இன்னொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த இன்னொரு வண்டிக்காரர் வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நேர்ந்தவை. பெரும்பாலும் கார்கள். இதைப் படித்ததும் சித்தப்பாவுக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த பக்கங்கள் அவ்வளவு சாதகமாக இல்லை.

ஆபத்து தெரிந்த கணத்துக்கும் மோதும் கணத்துக்கும் நடுவே ஓட்டுபவருக்குக் கிடைத்தது, பொதுவாக, இரண்டு வினாடிக்கும் குறைவு. வேகமும் பயங்கரமானதல்ல. பாதிப் பேர் மணிக்கு 48 கிலோமீட்டருக்கும் கீழேதான் வந்துகொண்டிருந்தார்கள். அந்த இரண்டு வினாடியில் பெரும்பாலோர் செய்தது ஒன்றே: பின் பிரேக்கை ஓங்கி மிதித்தார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. பின் சக்கரம் சுழலாமல் நின்று, வழுக்கிக்கொண்டே போயிற்று. சித்தப்பாவின் கறுப்புக் கோடு அதுதான். டீக்கடைக்காரர் பிரேக்கின் பலம் என்று வியந்தது, பிரேக் சரியாகப் பிடிக்காததன் அடையாளம்.

காரணம் எளியது. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. முன் சக்கரம் ரோட்டை அழுத்திப் பிடிக்கிறது, பின் சக்கரம் லேசாகிறது. நிறுத்தும் சக்தியில் 70 சதவீதமோ அதற்கு மேலோ முன்னால்தான். சடாரென்று பிடித்தால் தூக்கிப் போடும் என்று சித்தப்பா சொன்னது பொய்யல்ல. படிப்படியாக அழுத்தினால் போடாது என்பதை அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவே கற்றவர்கள், அல்லது குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள். அங்கேயும் சித்தப்பாக்கள்தான். இன்னொரு தகவல்: விழுந்தவர்கள் சராசரியாக மூன்று வருடம் ரோட்டில் ஓட்டியவர்கள். ஆனால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, விழுந்த அந்த வண்டியோடு ஐந்து மாதப் பழக்கம்கூட இல்லை. அனுபவம் வண்டி மாறியதும் பாதி கரைந்துவிடுகிறது. பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பிரிட்டிஷ் வண்டிகளின் பழைய வழக்கம் அது. 1970களின் நடுவில் அமெரிக்கச் சட்டம் கியர் இடது பக்கம்தான் என்று விதித்ததும் டிரையம்ஃப் போன்ற கம்பெனிகள் மாற்றிக்கொண்டன. நம் ஊரில் மாறியது வெகு காலம் கழித்து. சித்தப்பாவும் புல்லட்டை விற்றுவிட்டு வேறு வண்டி வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கால் புதுப் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. கைக்குத்தான் பழைய பாடம்.

அமெரிக்காவில் 1973லேயே மோட்டார்சைக்கிள் தயாரிப்பாளர்கள் சேர்ந்து ஒரு பாதுகாப்பு அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார்கள். முதலில் புதியவர்களுக்குப் பாடம். பின்னாளில் அனுபவசாலிகளுக்கென்றே தனி வகுப்பு வந்தது. ஒரே நாள். சொந்த வண்டியைக் கொண்டுவர வேண்டும். காலியான கார் பார்க்கிங்கில் சின்ன கூம்புகளை வைத்து, சட்டென்று நிற்பது, விலகுவது, மெதுவாகத் திரும்புவது. இருபது வருடம் ஓட்டியவர் முதல் வகுப்புப் பையனைப்போல வரிசையில் நிற்க வேண்டும்.

இதனால் விபத்து குறைந்ததா? பயிற்சி பெற்றவர்கள் விபத்தில் சிக்குவது குறைவு என்றுதான் ஹர்ட் எழுதினார். ஆனால் 2010இல் காக்ரேன் அமைப்பு, உலகெங்கும் இதுபற்றி நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, அவற்றின் தரத்தை வைத்து உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்றது. பயிற்சிக்குத் தேடி வருபவர் ஏற்கெனவே ஜாக்கிரதையானவராக இருக்கலாம். இல்லையென்றால், ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் "நமக்கு எல்லாம் தெரியும்" என்று இன்னும் வேகமாகப் போகலாம். இந்தச் சந்தேகத்தை நான் ஒதுக்கவில்லை. இருந்தும் போன வருடம் அப்படி ஒரு வகுப்புக்குப் போனேன்.

பன்னிரண்டு வருடம் ஓட்டியவன் என்ற மிதப்பு எனக்கு இருந்தது. நாற்பதில் வந்து, கொடி அசைந்ததும் நிற்க வேண்டும். கொடி அசைந்தது. வலது கால் மிதித்தது. வலது கை அசையவே இல்லை. வண்டியில் ஏபிஎஸ் இருந்தது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து இங்கே அது கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். பிடிக்காத பிரேக்கை அது என்ன செய்யும்? கூம்பைத் தாண்டி எங்கோ போய் நின்றேன். பயிற்சியாளர் திட்டவில்லை. "யார் சார் கத்துக்குடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் மூன்று பேர் எனக்கு முன்பே அதே கூம்பைத் தாண்டியவர்கள்.

மதியத்துக்குள் கை பழகியது. ஒரு மாதம் வண்டியைச் சும்மா ஓட்டியதில் மறுபடி மறந்தது. அதனால் இப்போது ஞாயிறு காலைகளில், ரேஷன் கடைக்குப் பின்னால் உள்ள காலித் தெருவில் பத்து முறை நிறுத்திப் பழகுகிறேன். சித்தப்பா திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஹர்ட் அறிக்கையைப் பற்றி அவரிடம் சொன்னேன். கறுப்புக் கோட்டைப் பற்றியும் சொன்னேன். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அந்த ஆட்டோக்காரன் திரும்பாம இருந்திருந்தா?" என்றார்.

"அது சரிதான் சித்தப்பா. தப்பு அவன் மேலதான்."

முட்டியைத் தடவிக்கொண்டார். "சரி, இன்னொரு தடவ புடிச்சிக் காட்டு" என்றார். "மெதுவா. தூக்கிப் போட்ரும்."