யாதாஸ்து முதல் 112 வரை

மல்லாங்கிணறில் நள்ளிரவில் ஒருவர் கைப்பேசியில் 112 அழுத்தினால் மணி அடிப்பது சென்னையில். எடுப்பவர் பெயர், ஊர், நடந்தது என்ன என்று கேட்டுக் கணினியில் ஏற்றுவார். அது விருதுநகர் மாவட்டத்துக்குப் போய், அங்கிருந்து ரோந்து வண்டிக்குத் தகவல் பறக்கும்.

இந்தக் கரிசல் காட்டில் ஒரு காலத்தில் அந்த வேலையைச் செய்தவை ஊர்க்காவலரான தலையாரியின் கால்கள். பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு அவர்களுடைய காவல் உரிமையையும் கிழக்கிந்தியக் கும்பெனி பறித்துக்கொண்டது. பிறகு, 1816-இல் வந்த சென்னை மாகாணத்தின் 11-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், கிராமத் தலைவரையே ஊருக்குப் போலீஸ் பொறுப்பாளர் ஆக்கியது. தலையாரி அவருக்குக் கை ஆள். 1859-இல் தனிப் போலீஸ் துறை வந்தும் ஊருக்குள் ஏற்பாடு மாறவில்லை. களவோ கொலையோ, கிணற்றில் பிணம் மிதந்தாலோ, முன்சீப் எனப்பட்ட அந்தக் கிராமத் தலைவர் யாதாஸ்து என்ற தகவல் குறிப்பை எழுதுவார். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தலையாரி ஸ்டேஷனுக்கு நடப்பார். போலீஸ் வந்து சேர்வதற்குள் ஆடு திருடியவன் எல்லை தாண்டியிருப்பான்.

தாமதத்தைக் காட்டிலும் பெரிய கேடு ஒன்று இருந்தது. முன்சீப் பேனா எடுக்கவில்லை என்றால் சேதி ஊரைத் தாண்டாது. பதவி பரம்பரையாக வந்தது. பெரும்பாலும் நிலமும் சாதியும் உள்ள வீட்டிலேயே தங்கியது. சேரியில் அடிபட்டவர், அடித்தவரின் பங்காளியிடமே போய் எழுதித் தரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. அந்தப் பரம்பரைப் பதவிகளை 1980-இல்தான் தமிழக அரசு ஒழித்தது.

நேரே உதவி கேட்க ஒரே எண் என்ற ஏற்பாடு லண்டனில் 1937-இல் 999 ஆகப் பிறந்தது. அதற்குத் தூண்டுகோல் ஒரு தீ விபத்து: 1935-இல் அந்நகரின் விம்போல் தெருவில் ஒரு வீடு பற்றி எரிந்து ஐந்து பெண்கள் மாண்டார்கள். தீயணைப்புப் படையைக் கூப்பிட முயன்ற பக்கத்து வீட்டுக்காரர் எக்ஸ்சேஞ்சின் வரிசையில் காத்துக் கிடந்தார். இந்தியாவில் போலீசுக்கு 100, தீயணைப்புக்கு 101 என்று பிரிந்து கிடந்தவற்றை ஒரே எண்ணுக்குக் கொண்டுவர, 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த பாலியல் கொடுமை தேவைப்பட்டது. 112 முதலில் 2018 நவம்பரில் இமாச்சலத்தில் தொடங்கி, 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களுக்கு விரிந்தது. ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று முறை அழுத்தினாலும் அழைப்பு போகும்படி விதி வகுத்தார்கள். வாய் திறந்து பேச முடியாத நிலையில் இருக்கும் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

அழைப்பவருக்கும் போலீசுக்கும் நடுவே இப்போது யாருடைய பேனாவும் இல்லை. இந்த மண்ணுக்கு அது சின்ன மாற்றம் அல்ல.

தலையாரியோடு போனதும் ஒன்று உண்டு. எந்த ஓடை, யார் புஞ்சை என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. "கண்மாய்க்கரையில வெட்டிட்டாங்க" என்று பதறுகிறவரிடம் சென்னையில் இருப்பவர் எந்தக் கண்மாய் என்று கேட்க வேண்டும். காட்டுக்குள் கைப்பேசிக் கோபுரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் திரையில் தெரியும் இடமும் ஒரு சுற்றுவட்டாரமாகவே இருக்கும். அதனால் ஸ்டேஷன் காவலர் அழைத்தவருக்கே திரும்பப் போன் போட்டு விசாரிப்பார்: "அண்ணே, கலுங்குப் பக்கமா, மடைப் பக்கமா? வண்டி வர்ற பாதை எது?" சீமைக்கருவேலங் காட்டுக்குள் வண்டி திரும்ப வேண்டிய இடம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.