குளோன் செம்பனையின் கோளாறு: தடயம் தேடிய கதை

தான் சாய் யான் என்ற தோட்டக்காரர் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னாளில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் ரப்பர் இருந்த நிலங்களுக்குச் செம்பனை வந்தது. பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் குலை வெட்டப் பழகின. அந்தச் செம்பனையைத் திசு வளர்ப்பில் பெருக்கியபோது தலைகாட்டிய ஒரு கோளாறின் காரணத்தைப் பழைய ஆய்வேடுகளில் தேடினேன்.

முதல் தடயம் 1986-ஆம் ஆண்டு 'தி பிளாண்டர்' இதழில் இருந்தது. குளோன் மரங்களில் பூக்கள் உருமாறுவதைக் கார்லி குழுவினர் பதிவு செய்திருந்தனர். மகரந்த உறுப்புகள் சதை வைத்து, கனியைச் சுற்றி மடல் மடலாக ஒட்டிக்கொள்கின்றன. கோளாறு முற்றினால் குலையே வீண். கன்றைப் பார்த்தால் எதுவும் தெரியாது. நட்டு, உரமிட்டு, சில ஆண்டுகள் காத்த பிறகே தெரியவரும்.

மரபணு எழுத்தே பிழையாகிவிட்டதா? அப்படியென்றால் மரம் திருந்தாது. ஆனால் கோளாறான மரங்களில் சில, காலப்போக்கில் தாமாகவே நல்ல கனி தந்திருக்கின்றன. என் தேடலைத் திசைதிருப்பிய செய்தி இதுதான். இத்தகைய மரங்களின் டி.என்.ஏ.வில் மெத்தில் எனும் வேதிக் குறிகள் குறைந்திருப்பதை 2000-இல் ஜாலிகோ குழுவினர் காட்டினர். எந்த இடத்துக் குறி என்பதே அடுத்த கேள்வி.

அதற்கு முன், இந்தக் குறிகள் எப்படி நிலைக்கின்றன என்று பார்க்க வேண்டும். டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிக் குரோமட்டினாக இருக்கிறது. தாவரங்களில் குரோமோமெத்திலேஸ் என்றொரு புரதக் குடும்பம் உண்டு. ஹிஸ்டோனில் உள்ள மெத்தில் குறியைப் பற்றிக்கொண்டு, அருகிலுள்ள டி.என்.ஏ.விலும் மெத்தில் சேர்ப்பது அதன் வேலை. டி.என்.ஏ.வில் உள்ள அந்தக் குறியைக் கண்டு வேறொரு புரதம் ஹிஸ்டோனில் மீண்டும் குறியிடும். ஒன்றையொன்று தாங்கும் இந்தக் காவல்தான், டி.என்.ஏ.வில் இடம்விட்டு இடம் பெயரக்கூடிய தாவும் மரபணுக்களை அடக்கி வைக்கிறது. ஆய்வுகளில் மாதிரியாகப் பயன்படும் அரபிடாப்சிஸ் செடியில் குரோமோமெத்திலேஸின் பங்கு 2001 முதல் தெளிவானது.

செம்பனைக்கான விடை 2015-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் மெய்லினா ஓங்-அப்துல்லா, ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி, ராஜிந்தர் சிங் முதலானோர் எழுதிய கட்டுரை அது. பூவின் உறுப்புகளை வகுக்கும் டெஃபிசியன்ஸ் மரபணுவுக்குள் 'கர்மா' என்ற தாவும் மரபணு குடியிருக்கிறது. அதன்மேல் மெத்தில் செறிந்திருந்தால் கனி ஒழுங்காகும். திசு வளர்ப்பில் அது கலைந்தால் ஆர்.என்.ஏ. தவறாக வெட்டி ஒட்டப்படுகிறது, கனி உருமாறுகிறது. இன்று கன்றின் இலையிலேயே இதைச் சோதித்துவிடலாம்.

மரம் திருந்தியதை ஆய்வுக்கூடம் தானாக அறிந்திருக்க முடியாது. ஒரே மரத்தின் குலையை ஆண்டுதோறும் பார்த்துக் கணக்கு வைத்தால்தான் அது தெரியும். கைமாறும் தோட்டங்களில் மரவாரிக் கணக்கேடுகளைத் தூக்கி எறியாதீர்கள். அவை அறிவியல் ஆவணங்கள்.