சமாதான ரோஜாவும் அந்தமான் மண்ணும்

ரோஜா இனங்களுள் உலகெங்கும் பெரும்புகழ் பெற்றது ‘பீஸ்’ என்பது. பீஸ் என்றால் சமாதானம். இரண்டாம் உலக மகாயுத்தம் முடிவுறும் வேளையில் இப்பெயரைப் பெற்ற மலரின் வரலாற்றை, அந்த யுத்தத்தின் கொடுமையை நேரில் கண்ட அந்தமான் தீவுகளில் வாழும் தமிழ் மக்கள் அறிவது பொருத்தமேயாகும். அத்துடன், அது இத்தீவுகளின் முற்றத்திற்கு ஏற்றதா என்பதையும் ஆராய்வோம்.

‘ஹைப்ரிட் டீ’ என்னும் கலப்பினத்தைச் சேர்ந்தது இம்மலர். சீனத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற ‘டீ’ ரோஜாக்களையும், அங்கு வளர்ந்த குளிர் தாங்கும் ரோஜாக்களையும் கலந்து இவ்வினத்தை உண்டாக்கினர். 1867இல் பிரான்சு நாட்டின் கியோ என்பார் வெளியிட்ட ‘லா பிரான்ஸ்’ இவ்வினத்தின் முதல் மலராகக் கருதப்படுகிறது. நீண்ட காம்பு, கூர்ந்த மொட்டு, காம்புக்கு ஒன்றாய் மலரும் பெரும்பூ ஆகியவை இதன் இலக்கணங்கள்.

லியோன் நகரை அடுத்து வாழ்ந்த மெய்யான் குடும்பத்தினர் 1935இல் செய்த மகரந்தச் சேர்க்கையிலிருந்து ‘பீஸ்’ பிறந்தது. பிரான்சிஸ் மெய்யான் அதற்குத் தம் அன்னையின் பெயரைச் சூட்டினார். யுத்தத்தை ஒட்டிய காலத்தில் அதன் மொட்டுக்கிளைகள் ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா ஆகிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. பின்னர்த் தொடர்பு அறுபட்டமையால் ஒவ்வொரு நாடும் தனித்தனிப் பெயரிட்டது. 1945 ஏப்ரல் 29ஆம் நாள் அமெரிக்காவில் ‘பீஸ்’ என்னும் பெயர் அறிவிக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையை அமைக்க சான் பிரான்சிஸ்கோவில் கூடிய பிரதிநிதிகளுக்கும் இம்மலர் அளிக்கப்பட்டது.

அந்நாளில் அந்தமானில் சமாதானம் இல்லை. 1942 மார்ச் 23ஆம் நாள் இத்தீவுகளைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை இன்னும் நீங்கவில்லை. 1944 ஜனவரி 30ஆம் நாள் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1945 அக்டோபரில்தான், 2024 முதல் ஸ்ரீவிஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேரில், ஜப்பானியர் சரணடைந்தனர். உலகுக்கு மலராய் வந்த சமாதானம் இத்தீவுகளுக்குச் சில மாதங்கள் கழித்தே வந்தது.

இனி, மலரின் குணங்களைக் காண்போம். வெளிர்மஞ்சள் இதழ்களின் ஓரத்தில் இளஞ்சிவப்புப் படர்ந்திருக்கும். குளிர் மிகுந்தால் நிறம் ஆழ்ந்து விளங்கும். வெயில் மிகுந்தால் வெளுக்கும். செடி வலிமையுடையது, இலை பளபளப்பானது, பூ மிகப் பெரியது. குறை யாதெனில் மணம் மெலிது. பன்னீர் ரோஜாவின் நறுமணத்தில் பழகிய நம்மவர்க்கு இது ஓர் ஏமாற்றமே. கொண்டையில் சூடுவதற்கன்று, கண்ணால் கண்டு மகிழ்வதற்கே உரியது இம்மலர்.

உதகை போன்ற குளிர்மலை இவ்வினத்திற்கு உகந்தது. அங்கு 1995இல் அமைந்த அரசு ரோஜாப் பூங்காவே இதற்குச் சான்று. அந்தமானிலோ ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை; மே முதல் டிசம்பர் வரை ஈரம் விலகுவதில்லை. ஈர இலையில் கரும்புள்ளி நோய் எளிதில் பற்றி, இலைகளை உதிர்க்கும். ஆகவே தரையில் நடாமல் தொட்டியில் நட்டு, காலை வெயில் படும் கூரையோரத்தில் வைத்தல் நலம். நீரை வேரில் மட்டும் ஊற்றுக. புள்ளி கண்ட இலைகளை உடனே அகற்றுக. மழை ஓய்ந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் சில பூக்களை எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் ஆசைப்படுதல் வீண்.

எனினும், வெப்பநாடுகளுக்கு நல்ல ரோஜா கிட்டாது என்று சோர்வுற வேண்டியதில்லை. கொடைக்கானலைக் களமாகக் கொண்டு எம். எஸ். வீரராகவன் பல்லாண்டுகள் புதிய ரோஜாக்களை உருவாக்கினார். ஆற்றங்கரைச் சேற்றிலும் வளரும் ‘கிளைனோபில்லா’ என்னும் இந்தியக் காட்டு ரோஜாவையும், மணிப்பூர் மலைகளில் விளையும் ‘ஜைஜான்டியா’வையும் அவர் கலப்புக்குத் தேர்ந்தார். குளிர்நாட்டுச் செடியை வெப்பத்திற்கு இணங்கச் சொல்லாமல், வெப்பத்தில் பிறந்ததையே பெற்றோராகக் கொண்ட அறிவு இது.

‘பீஸ்’ போற்றத்தக்க மலர் என்பதில் ஐயமில்லை. 1976இல் உலகின் அபிமான ரோஜாவாக அது தேர்ந்தெடுக்கப்பட்டதும் தகுதி பற்றியே. ஆயினும், மண்ணையும் மழையையும் அறிந்து செடியைத் தேர்தலே தோட்டக் கலையின் முதற்பாடம். புதிய மண்ணில் வேரூன்றிய நம் தமிழ் மக்களுக்கு இப்பாடத்தை விரித்துரைக்கவும் வேண்டுமோ?