வாடைக்காலத்து விளக்குகள்

மார்கழி மாதத்து அந்திப்பொழுதில் கோவளத்துக் கரையில் நிற்போர்க்கு இரண்டு காட்சிகள் ஒருங்கே தென்படும். கிழக்கே, வாடைக் காற்றில் நுரைத்தெழும் கடல். மேற்கே, ஒன்றன்பின் ஒன்றாக விளக்கேற்றப்படும் இல்லங்கள். கடலைக் குறித்து எழுதியோர் பலர். அக்கடல்வழி வந்த கப்பல்களையும் கும்பினிகளையும் குறித்து எழுதியோர் அவரினும் பலர். அவ்விளக்குகளைக் குறித்து எழுதியோர் எத்துணை பேர்? இவ்வினாவே இச்சிறு கட்டுரைக்கு வித்தாக அமைந்தது.

முதலில் ஏடுகள் சொல்லும் வரலாற்றைக் காண்போம். 1719-ஆம் ஆண்டளவில், இன்றைய பெல்ஜிய நாட்டின் ஆஸ்டெண்டுத் துறைமுகத்து வணிகர் கோவளத்தில் கால் பதித்தனர். 1722-இல் வியன்னாவிலிருந்து பேரரசர் ஆறாம் சார்லசு அவர்தம் கும்பினிக்கு உரிமைப் பட்டயம் அளித்தார். ஏனைய ஐரோப்பிய வல்லரசுகள் பொறாமையுற்று எதிர்க்கவே, 1727-இல் அப்பட்டயம் நிறுத்தி வைக்கப்பட்டது. 1731-இல் கும்பினியே கலைக்கப்பட்டது. பின்னர் ஆர்க்காட்டு நவாபின் கோட்டை இங்கே நின்றது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் அதனைச் சூழ்ச்சியால் கைப்பற்றினர். கப்பலில் வந்தோர் நோயுற்று நலிந்துள்ளனர் என்று சொல்லி, கோட்டையிலிருந்தோரின் இரக்கத்தைப் பெற்று உள்ளே நுழைந்தனர் என்பர். 1752-இல் இராபர்ட் கிளைவ் முற்றுகையிட, கோட்டை பணிந்தது. பின்னர் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இம்முற்றுகையைப் பற்றி மெக்காலே 1840-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சிறு செய்தி உண்டு. கிளைவின் படையில் இருந்தவர்கள் புதிதாகச் சேர்க்கப்பட்ட 500 சிப்பாய்களும், கப்பலிலிருந்து அண்மையில் இறங்கிய 200 ஆங்கிலேயருமே. பயிற்சி இல்லாத அவர்கள் கோட்டையிலிருந்து வந்த முதற்குண்டுக்கே புறங்காட்டி ஓடினராம். மற்றொரு முறை பீரங்கி ஓசை கேட்டு அஞ்சிய காவலன் ஒருவன், பல மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டெடுக்கப்பட்டானாம். மெக்காலே இதனை நகைப்புக்குரியதாகவே எழுதினார். நமக்கோ நகைப்பு வரவில்லை. பெயரும் ஊரும் பதிவாகாத அம்மனிதன், கிணற்றின் இருளில் அமர்ந்து எதை எண்ணியிருப்பான்? பேரரசின் புகழையா, தன் வீட்டின் அடுப்பங்கரையையா?

வென்ற கிளைவும் வீட்டையே நாடினார். கோவளத்தையும் செங்கற்பட்டையும் கைப்பற்றிய கையோடு, உடல்நலம் குன்றிய நிலையில் சென்னைக்குத் திரும்பினார். 1753 பிப்ரவரியில், புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மரியாள் ஆலயத்தில் மார்கரெட் மாஸ்கலின் என்னும் பெண்ணை மணந்துகொண்டு தாயகத்திற்குக் கப்பலேறினார். கிணற்றில் ஒளிந்தவனும் கோட்டையை வென்றவனும் தேடியது ஒன்றே என்று தோன்றுகிறது.

இவ்வுண்மையைத் தமிழ்ச் சான்றோர் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த அவர்கள், ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி, தையை முன்பனி என்றும், மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் வழங்கினர். 1889-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டில் அடங்கிய நெடுநல்வாடை, இக்குளிர்காலத்தைப் பாடிய 188 அடிகளாலான பாட்டு. நக்கீரர் அதில் காட்டும் காட்சிகள் சிறியவை. ஆயர் தீயில் கை காய்கின்றனர். மகளிர் அரும்பு மலர்வது கண்டு மாலை வந்ததை அறிந்து விளக்கேற்றுகின்றனர். சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கிறது. விசிறியை எவரும் தொடுவதில்லை. குளிர்ந்த நீரைத் தவிர்த்து நெருப்புச் சட்டியைச் சூழ்ந்திருக்கின்றனர். பாட்டின் இறுதியிலோ, அரசி அரண்மனையில் கணவனைப் பிரிந்து வாடுகிறாள். அரசன் பாசறையில் நள்ளிரவிலும் உறங்காது புண்பட்ட வீரரைக் கண்டு தேற்றுகிறான். அரண்மனையில் எல்லாம் இருந்தன. உடனிருக்க வேண்டியவன் இல்லை. குளிர்காலத்து இன்பம் பொருளில் இல்லை, உடனிருத்தலில் உள்ளது என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலுமோ?

ஐரோப்பாவின் உறைபனியை அறிந்தோர்க்குக் கோவளத்துக் குளிர் ஒரு குளிரே அன்று. எனினும் இக்கரைக்கு இதுவே அச்சத்தின் காலம். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில்தான் பெய்கிறது. புயல்கள் உருவாவதும் அப்போதே. கடலுக்குப் போக இயலாத நாள்கள் பல. போகாவிடில் வருவாய் இல்லை. ஆயினும், ஆண்டு முழுதும் விடியுமுன் எழுந்து கடலுக்குப் போகும் தந்தை, பகலிலும் இரவிலும் வீட்டில் இருக்கும் காலமும் இதுவே. திண்ணையில் கிழிந்த வலையைப் பொத்துகின்ற அவர் அருகே மகன் நூலை எடுத்துக் கொடுக்கிறான். பாட்டி சுக்கு தட்டிக் கருப்பட்டி போட்டுக் காப்பி வைக்கிறார். முன்னமே காயவைத்து மூடிவைத்த கருவாடு அடுப்பில் சுடப்படும் மணம் தெருவெங்கும் பரவுகிறது. தை நெருங்கினால் அவித்த பனங்கிழங்கு; நார் உரித்துத் தருவதற்கு ஒரு தாயின் கை. மகிழ்ச்சியைக் குறித்து நாம் வாசித்த நூல்கள் பல. வீடு சந்திக்கச் சென்ற மழைநாள்களில் இவ்வில்லங்களில் கற்றது அவற்றினும் மிகுதி.

கோட்டை இருந்த இடத்தில் இன்று உல்லாச விடுதி நிற்கிறது. ஆனால் 1808-இல் போர்ச்சுக்கீசிய வணிகர் ஜான் டி மான்ட்டி எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயம் இன்றும் நிலைத்துள்ளது. 1821-இல் மறைந்த அவரும் அங்கேயே துயில்கின்றார். அவர் காலத்திற்குப் பின் எத்தனையோ தலைமுறை மீனவர், கடலிலிருந்து திரும்பியபின் அவ்வாலயத்து நிழலில் நின்று நன்றி சொல்லியிருப்பர். பெருவணிகரின் செல்வத்தில் இம்மக்களின் நினைவில் நிற்பது, அவர்கள் கூடி நிற்க அவர் தந்த ஒரு கூரையே.

இவ்வின்பம் எளிதில் உடையக் கூடியது என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. 26.12.2004, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மறுநாள். வீட்டு வாயில்களில் நட்சத்திர விளக்குகள் தொங்கிக்கொண்டிருந்த அக்காலையில் ஆழிப்பேரலை வந்தது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்கள் மாண்டன. அவ்வாரத்தில் இக்கரையில் நாம் கண்ட காட்சி ஒன்று நெஞ்சைவிட்டு அகலவில்லை. வீடிழந்த தாய் ஒருவர், நிவாரணமாகக் கிடைத்த பொருள்களுள் முதலில் ஒரு பாத்திரத்தைத் தேடி எடுத்தார். மூன்று கற்களைக் கூட்டித் தீ மூட்டிக் கஞ்சி வைத்தார். அதுகாறும் சிதறி அமர்ந்திருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தீயைச் சூழ்ந்தனர். சுவரும் கூரையும் இல்லை. எனினும் அங்கே ஒரு வீடு எழுந்ததை நம் கண்களால் கண்டோம்.

அடுப்பு மூட்ட மனமின்றி அமர்ந்திருந்தோரும் அங்கே இருந்தனர். அவர்களிடம் ஆறுதல் மொழி பேச நமக்கு நாவெழவில்லை. உடன் அமர்ந்திருந்தோம், அவ்வளவே. சிறு மகிழ்ச்சி சிறியதன்று என்று அவர்களே நமக்கு உணர்த்தினர். அவர்கள் இழந்ததாகச் சொல்லி அழுதது வலையையும் படகையும் மட்டுமன்று. மாலையில் வாயிலில் கேட்கும் ஒரு காலடி ஓசையை.

இன்று காலம் மாறியுள்ளது. கட்டுமரங்கள் இருந்த இடத்தில் கண்ணாடியிழைப் படகுகள். புயல் எச்சரிக்கை கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. 2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டசு புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது, எச்சரிக்கை முன்னரே வந்திருந்தது. இவ்வறிவியல் முன்னேற்றம் இறைவன் அளித்த கொடையே. ஆனால் அதே கைப்பேசி, கடல் பிரிக்காத குடும்பத்தை ஒரே அறைக்குள் பிரித்துவிடுவதையும் காண்கிறோம். தந்தை வீட்டில் இருக்கிறார். ஆயினும் உடன் இல்லை. நக்கீரர் காட்டிய அரண்மனையின் துயர் இன்று எளிய இல்லங்களிலும் புகுந்துவிட்டதோ என்று அஞ்சுகிறோம்.

1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ சிற்றூரில், குளிர்கால இரவொன்றில் அசிசி நகர்ப் புனித பிரான்சிசு அமைத்த குடிலில் இருந்தவை ஒரு தீவனத் தொட்டியும், வைக்கோலும், கால்நடைகளும். நம் பிள்ளைகள் கடற்கரை மணலைக் கொணர்ந்து அமைக்கும் குடிலிலும் அதே எளிமைதான். இறைமகன் பிறந்த இடத்தில் இருந்தது ஒரு தாய், ஒரு தந்தை, ஒரு குழந்தை, சிறிது வெப்பம். அதுவே போதுமாயிருந்தது.

இவ்வாண்டு வாடை வீசும் மாலைகளில் ஒரு நாழிகையேனும் கைப்பேசிகளை மாடத்தில் வைத்துவிட்டு, ஒரே விளக்கின் கீழ் கூடி அமர்வோமாக. அதனை எந்த வரலாற்றேடும் குறித்து வைக்காது. ஆயினும் கும்பினிகளும் கோட்டைகளும் மறைந்தபின் கோவளத்தில் எஞ்சி நின்ற வரலாறு அதுவே.