இரண்டு விடியல்கள்

இரண்டு ஊர்களின் பெயரைத் தட்டினால் தூரத்தையும் பயண நேரத்தையும் சொல்லிவிடும் தளங்கள் இணையத்தில் நிறைய உண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்த், இலங்கையின் காலி என்று கொடுத்துப் பாருங்கள். சுமார் 5,650 கிலோமீட்டர், ஏழு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று வரும். உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு அட்சரேகை, இரண்டு தீர்க்கரேகை, கொஞ்சம் திரிகோணமிதி, கடைசியில் ஒரு வகுத்தல். பத்து வரி கோடு போதும்.

1943-ல் இதே தூரத்துக்கு ஆன நேரம் 27 முதல் 33 மணி.

போருக்கு முன் சிட்னியிலிருந்து இங்கிலாந்துக்குப் பறக்கும் படகுகள் சிங்கப்பூர் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. வழி அறுந்தது. மிச்சமிருந்தது இந்தியப் பெருங்கடல் மட்டுமே. அதை ஒரே மூச்சில் தாண்ட வேண்டும்.

குவாண்டாஸ் ஐந்து கேட்டலினா விமானங்களை வைத்து அதைச் செய்தது. பெர்த்தின் ஸ்வான் ஆற்றில் எழும்பி, காலிக்குப் பக்கத்தில் கொக்கல ஏரியில் இறங்கும். வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். எடை குறைய வேண்டும் என்று கவசத் தகடுகளைக் கழற்றினார்கள், கூடுதல் எரிபொருள் தொட்டிகளை ஏற்றினார்கள். அதற்குப் பிறகு மிஞ்சிய இடத்தில் அதிகபட்சம் மூன்று பயணிகள், 69 கிலோ தபால். அவ்வளவுதான்! இன்று இரண்டு பேர் கொண்டுபோகும் பெட்டிகளே கிட்டத்தட்ட அந்த எடை வந்துவிடும். ஆனால் அந்த 69 கிலோவுக்குள் எத்தனை வீடுகள் காத்திருந்த கடிதங்கள் இருந்திருக்கும்!

எழும்பிய முதல் பல மணி நேரம்தான் ஆபத்தானது. எரிபொருள் நிரம்பிய அந்தக் கனத்தில் ஒரு எஞ்சின் நின்றால் மற்றதை மட்டும் நம்பித் தாக்குப்பிடிக்க முடியாது. எரிபொருளைக் கடலில் கொட்டலாம். கொட்டினால் கரை சேர எரிபொருள் இருக்காது. எங்களூர் பாஷையில், முன்னாடி போனாலும் சிக்கல், பின்னாடி போனாலும் சிக்கல்.

எதிரி கேட்டுவிடக் கூடாது என்பதால் வானொலியில் பேசவும் தடை. வழிகாட்ட நட்சத்திரங்கள்தான். விமானங்களுக்கு வைத்த பெயர்களும் பொருத்தமானவை: அல்டெய்ர், வேகா, ரிகெல், அன்டாரெஸ், ஸ்பைக்கா. ஸ்பைக்கா வேறு எதுவுமில்லை, நம் சித்திரை நட்சத்திரம். ஜப்பானிய விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் குறித்தார்கள். அதனால் உள்ளே இருந்தவர்கள் வழியில் இரண்டு சூரிய உதயங்களைப் பார்த்தார்கள். பயணிகளுக்கு 'இரட்டை விடியலின் இரகசிய சங்கம்' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். மரண பயத்தோடு முப்பது மணி நேரம் ஒடுங்கி உட்கார்ந்தவருக்கு ஒரு காகிதம்! சிரிப்பு வந்தாலும், இந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது. (சிட்னி–லண்டன் இடைநில்லாச் சேவைக்கு குவாண்டாஸ் வைத்த 'சன்ரைஸ்' என்ற பெயர் இங்கிருந்து வந்ததுதான். 2019-ல் லண்டனிலிருந்து சிட்னிக்கு அவர்கள் நடத்திய சோதனைப் பறப்பு 19 மணி 19 நிமிடம் எடுத்தது.)

1945 ஜூலை வரை மொத்தம் 271 முறை கடலைத் தாண்டினார்கள். ஒரு விமானம்கூடக் கடலுக்குப் பலியாகவில்லை. ஆனால் அவை அமெரிக்காவின் கடன்–குத்தகைத் திட்டத்தில் வந்தவை. போர் முடிந்ததும் அந்த நிபந்தனைப்படி, ஓடும் நிலையில் இருந்தவற்றை ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கொண்டுபோய் அவர்களே மூழ்கடித்தார்கள்.