பரோடா திவான் கைவிரித்த கதை

1917 செப்டம்பர். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த 26 வயது அம்பேத்கர், பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்கிறார். படிப்புக்கு உதவித்தொகை கொடுத்தவர் மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட். அதற்கு ஈடாக அங்கே பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம்.

அலுவலகத்தில் அவர் அதிகாரி. ஆனால் கடைநிலை ஊழியர்கள்கூடக் கோப்புகளை அவர் கையில் கொடுக்கவில்லை. தள்ளி நின்று மேசைமீது எறிந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. வாடகைக்கு வீடு தர யாருமில்லாததால், அடையாளத்தை மறைத்துப் பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம், மாலைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனது.

அவர் மன்னரிடம் முறையிட்டார். மன்னர் திவானிடம் தள்ளிவிட்டார். திவான் கைவிரித்தார். அம்பேத்கர் பரோடாவை விட்டே வெளியேறினார். அடுத்த ஆண்டு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோது, ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாதென்று சக பேராசிரியர்களே ஆட்சேபித்தார்கள்.

தோழர்களே, இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மன்னர் நல்லவர்தான். ஆனால் நல்ல முதலாளி இருந்தால் போதாது. புகாரை வாங்கி விசாரிக்கக் கடமைப்பட்ட ஓர் அமைப்பு வேண்டும். பரோடாவில் அது இல்லை.

அப்படி ஓர் அமைப்பு இந்தியாவில் எப்படி வந்தது? ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர், குயவர் சமூகத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-இல் ஆதிக்கச் சாதியினரின் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். விசாரணை நீதிமன்றம் 1995-இல் அவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997-இல் விசாகா தீர்ப்பு, 2013-இல் சட்டம். இன்று 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் பாலியல் தொல்லைக்கான உள்ளகப் புகார்க் குழு கட்டாயம்.

சாதித் தொல்லைக்கு? தனியார் நிறுவனங்களில் அப்படி ஒரு குழுவைக் கட்டாயமாக்கும் சட்டம் இன்னும் வரவில்லை. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. ஆனால் அதில் அவமதிப்பு என்ற குற்றத்துக்கு அது பொதுப்பார்வையில் நடந்திருக்க வேண்டும். இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடப்படும் வசவும் பொதுப்பார்வையில் நடந்ததே என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொன்னது. மேலாளரின் மூடிய அறையும் அலுவலக வாட்ஸ்அப் குழுவும் இன்னும் வாதாடிப் பெற வேண்டிய களங்கள்.

பரோடாவில் பட்டதை அம்பேத்கர் பின்னாளில் எழுதி வைத்தார். அதனால்தான் இன்று நாம் அதைப் பேசுகிறோம். "கோட்டாவில் வந்தவன்" என்று உங்களைக் கேலி செய்தால், நாள், நேரம், உடனிருந்தவர் பெயரை அன்றைக்கே குறித்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகாரை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். சங்கத்தையோ தோழர்களையோ உடன் அழைத்துப் போங்கள்.

பரோடாவில் அவர் தனியாக நின்றார். நாம் தனியாக நிற்க வேண்டியதில்லை.