அந்தக் குண்டு யாருடையது?

எங்க ஓமலூர்க்காரங்களுக்குப் பெரிய தண்ணின்னா மேட்டூர் அணைதான். அங்கிருந்துகொண்டு கப்பல் கதை எழுதுறானேன்னு நினைச்சாலும் பரவாயில்லை, இந்தக் கதையை விட மனசில்லை.

இரண்டாம் உலகப் போரில் ராயல் இந்தியக் கடற்படைக்காக ஆஸ்திரேலியாவில் நாலு சின்னக் கப்பல்கள் கட்டினார்கள்: பெங்கால், பம்பாய், மெட்ராஸ், பஞ்சாப். கடலில் போட்டிருக்கும் கண்ணிவெடிகளை அகற்றுவதும், சரக்குக் கப்பல்களுக்குத் துணை போவதும் வேலை. பெங்கால் 1942 ஆகஸ்டில் பணியில் சேர்ந்தது. நீளம் 186 அடி, அதாவது ரெண்டரை ரயில் பெட்டி. 4 அங்குல பீரங்கி கிடைக்காததால் 3 அங்குல பீரங்கி ஒன்றைப் பொருத்தி அனுப்பிட்டாங்க.

1942 நவம்பர் 11. ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக, ஃப்ரிமேன்டிலிலிருந்து டியேகோ கார்சியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது பெங்கால். நடுக்கடலில் ரெண்டு ஜப்பானியக் கப்பல்கள் வந்தன: ஹோக்கோக்கு மாரு, ஐக்கோக்கு மாரு. பயணிகளுக்காகக் கட்டி, போருக்காகப் பீரங்கி ஏற்றியவை. ஒவ்வொண்ணும் சுமார் 10,000 டன். பெங்கால் 650 டன்!

கேப்டன் வில்சன் ஒண்டினாவைத் தப்பிப் போகச் சொல்லிட்டு, எதிரியை நோக்கி நேராகக் கப்பலைத் திருப்பினார். ஒண்டினாவும் சும்மா ஓடவில்லை. தன்னிடமிருந்த ஒரே 4 அங்குல பீரங்கியால் சுட்டது. கொஞ்ச நேரத்தில் ஹோக்கோக்கு மாருவில் தீ பிடித்தது; பிறகு வெடித்து மூழ்கியே போச்சு.

யார் குண்டு? நம்ம பக்கத்து எழுத்துகளில் பெரும்பாலும் பெங்கால். டச்சுக்காரர்களைக் கேட்டால் ஒண்டினா. எனக்கு ஒண்டினா பக்கம்தான் சாய்வு, அதன் பீரங்கி பெரிசு. ஆனா 650 டன் கப்பல் ஒண்ணு நேரா மோத வர்ற மாதிரி வந்தா எந்த எதிரிக்கும் கவனம் சிதறும்தானே? அந்தத் திருப்பம் இல்லாமல் ஒண்டினாவுக்குச் சுட நேரம் கிடைச்சிருக்குமா என்பது சந்தேகம்.

குண்டுகள் தீரப்போகும் நிலையில், பெங்கால் புகைத்திரை போட்டு விலகியது. ஒண்டினா தொலைந்தது என்றே நம்பி, டியேகோ கார்சியா போய்ச் சேர்ந்தது. ஒண்டினாவிலோ கேப்டன் ஹோர்ஸ்மன் குண்டடியில் இறந்துவிட்டார். மாலுமிகள் படகில் இறங்கினார்கள். படகுகள் மேலேயும் சுட்டதில் சிலர் இறந்தார்கள். டார்பிடோ பட்ட கப்பல் எப்படியும் மூழ்கிடும்னு ஐக்கோக்கு மாரு கிளம்பிப் போனது. கப்பலோ மூழ்கவில்லை. மிஞ்சியவர்கள் திரும்ப ஏறி, தீயை அணைத்து, சாய்ந்த கப்பலை ஒரு வாரத்தில் ஃப்ரிமேன்டிலுக்கே ஓட்டி வந்துட்டாங்க.

பெங்கால் சுதந்திர இந்தியாவின் கடற்படையிலும் இருந்து, 1960-இல் ஓய்வு பெற்று உடைக்கப்பட்டது.